சேர்வராயன் மலையில் அறுகம்புல்லைப் படரவிடும் முறை

அறுகு தானாகவே படரும் என்னும் எண்ணம் குடியானவர்களிடத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மணமக்களை வாழ்த்துவோர் குலம் தழைப்பதற்கு அறுகை உவமை கூறுவதும், பிள்ளையார் பூசைக்கு எந்த வரப்பிலும் ஒரு கைப்பிடி கிடைத்துவிடுவதும் இவ்வெண்ணத்துக்குக் காரணமாகலாம். சமவெளியின் வாய்க்கால் வரப்புகளைப் பொறுத்தமட்டில் அது பெரும்பாலும் மெய்யே. ஏற்காட்டிலும் அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் அது பாதியளவுதான் மெய். வீட்டு முற்றத்திலும், பள்ளிக்கூட மைதானத்திலும், புதிதாய் வெட்டிய பாதையின் ஓரத்திலும் புல்லை நட்டு, இனி அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவோர் மறு ஆண்டில் அதே இடத்துக்குத் திரும்பவும் புல் வாங்க நேரிடுகிறது. புல்லுக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும். நட்ட வரிசைகளுக்கிடையே வெறுமையாய்க் கிடந்த செம்மண் ஒரே ஐப்பசி மழையில் கரைந்து போய்விடுகிறது. அதனைத் திரும்பக் கொணர ஒருவராலும் இயலாது. ஆதலின் இம்மலையில் புல்லை நடுவதைக் காட்டிலும், நட்ட புல்லை இடைவெளியின்றி மூடச் செய்வதே கவனத்துக்குரிய வேலையாகும்.

புல்லின் சுபாவம்

அறுகு இரண்டு வகையாகப் பரவுகிறது. தரைக்கு மேலே ஓடும் கொடித்தண்டு ஒன்று. தரைக்குள் ஓடும் வெண்மையான தண்டு மற்றொன்று. மேலே ஓடும் தண்டில் சிறிது தூரத்துக்கு ஒரு கணு உண்டு. அந்தக் கணு ஈரமும் நெகிழ்ச்சியும் உள்ள மண்ணைத் தொட்டால், கீழே வேரும் மேலே துளிரும் விட்டுத் தனிச் செடியாகிவிடும். மண்ணைத் தொடாமல் பிற இலைகளின்மீதோ இறுகிய தரையின்மீதோ கிடக்குமாயின், தாய்ச்செடி அனுப்பும் உணவைக்கொண்டு நீளுமேயன்றி வேரூன்றாது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் புல் நன்றாய் ஓடுகிறது என்று தோன்றும். கையால் தூக்கினால் மூன்றடி நீளத் தண்டு முழுதும் கையோடு வந்துவிடும். புல் ஓடுவது வேறு, மூடுவது வேறு. இவ்வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே கூறப்படும் வேலைகளின் காரணம் எளிதில் விளங்கும்.

வெய்யிலும் வெப்பமும் இதற்கு இன்றியமையாதவை. கரும்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவை எவ்விதமாய்க் கடும் வெய்யிலைக்கொண்டு உணவு செய்துகொள்கின்றனவோ அவ்விதமே அறுகும் செய்துகொள்கிறது. பகல் வெப்பம் 27 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வரையில் இருக்கும்போது இது விரைந்து ஓடும். 15 டிகிரியை நெருங்க நெருங்க ஓட்டம் தளர்ந்து ஏறக்குறைய நின்றுவிடும். ஏற்காடு கடல் மட்டத்துக்குமேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் கோயில் அமைந்த உச்சி இன்னும் உயரம். கோடையிலும் இங்கே வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது அரிது. மார்கழி, தை மாதத்து இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். சேலத்தில் ஆண்டில் பெரும்பகுதியும் ஓடக்கூடிய புல்லுக்கு, மலைமேல் ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டமில்லை என்பதற்கு இதுவே காரணம்.

நிழலையும் அறுகு பொறுக்காது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெய்யில் விழாத இடத்தில் இலை மெலிந்து நீண்டு, கணுக்கள் தூரத்தூரமாகி, இரண்டொரு ஆண்டில் புல் கழிந்துபோகும். சில்வர் ஓக் மரங்களின் கீழே அறுகை நட்டு, உரம் போதவில்லை என்று மேலும் மேலும் உரமிடுவது வீண். அவ்விடங்களுக்கு அகன்ற இலையுடைய கார்ப்பெட் புல்லே ஏற்றது. அது நிழலையும் புளிப்பு மண்ணையும் தாங்கும். ஆனால் நடமாட்டத்தை அறுகைப்போல் தாங்காது.

நாற்றுப் புல்லைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் தாவர நூல் போதித்த ரங்காச்சாரியார் என்னும் அறிஞர், தென்னிந்தியப் புல்வகைகளைப் பற்றி 1921-ல் வெளியிட்ட நூலில், அறுகைப் போலவே தோன்றும் வேறோர் இனத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அதற்குத் தரைக்குள் ஓடும் தண்டு இல்லை. மேற்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வறட்சியிலோ மாடு மேய்ந்தபின்போ மேல்தண்டு அழிந்துபோனால், உண்மை அறுகு தரைக்குள்ளிருந்து மீண்டும் தழைக்கும். மற்றது அவ்விதம் தழைக்க வழியில்லை. ஆகவே புல் எடுக்கும் இடத்தில் மண்வெட்டியால் ஒரு கட்டி பெயர்த்து, உள்ளே வெண்தண்டு ஓடுகிறதா என்று பார்த்த பிறகே வாங்குதல் நலம்.

பருவம்

ஏற்காட்டுக்கு ஆண்டில் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை உண்டு. சித்திரை, வைகாசியில் கோடை மழை. அதன்பின் தென்மேற்குப் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம். மழை தொடங்கினால் நடலாம் என்பதே பொது வழக்காயிருப்பினும், எந்த மழை என்பதைக் கவனிக்க வேண்டும். காப்பி பூப்பதற்கு உதவும் கோடை மழை பெய்து, மண் ஓர் அடி ஆழத்துக்கு நனைந்தபின், வைகாசி முதல் ஆனி நடு வரையில் நடுவதே உத்தமம். அப்போது வெப்பமும் ஈரமும் நீண்ட பகலும் ஒன்றுகூடுகின்றன. நட்ட புல்லுக்குப் புரட்டாசி முடிய நான்கு மாதம் ஓட்டக்காலம் கிடைக்கும். ஆடியில் நடுவோர் இடைவெளியைக் குறைத்து நெருக்கி நடல் வேண்டும். ஐப்பசியில் நடுவது பெருந்தவறு. அக்காலத்தில் மேகமும் பனிமூட்டமும் வெய்யிலை மறைக்கும். புல் வேரூன்றுமுன் கனமழை மண்ணை அரிக்கும். தொடர்ந்து குளிர் வந்துவிடும். குப்பனூர்ப் பாதை வழியாய்க் கீழிறங்கும் தாழ்ந்த சரிவுகளில் வெப்பம் அதிகமாகையால் அங்கே ஆவணி வரையில் நட இடமுண்டு.

குளிர்காலத்தில் இலை நுனி பழுப்பேறுவதைக் கண்டு புல் செத்துவிட்டது என்று கொத்திப்போடுவோரும் உளர். அது சாகவில்லை, உறங்குகிறது. அவ்வமயம் உரமிட்டு எழுப்ப முயல்வதும் பயனற்றது. இட்ட உரம் களைகளுக்கே சேரும்.

நிலத்தைப் பண்படுத்தல்

1977-ல் ஹோம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உலகத்தின் மிகக் கொடிய களைகளை வரிசைப்படுத்தியபோது, கோரைக்கு முதலிடமும் அறுகுக்கு இரண்டாம் இடமும் கொடுத்தார்கள். புல்தரை போடுகிறவன் இரண்டாவது களையைக் கொண்டு முதலாவது களையோடு போராடுகிறான் என்று சொல்லலாம். போராட்டம் நடவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நட்டபின் கோரையைத் தோண்டினால் அறுகின் வேரும் உடன் அறும். மாசி, பங்குனியில் நிலத்தை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி, வெய்யிலில் காயவிடுக. கோடை மழையில் எஞ்சிய கிழங்குகள் முளைக்கும். மூன்று நான்கு இலை விட்டவுடன் மறுபடியும் கொத்திப் பொறுக்குக. இரண்டு தடவை இப்படிச் செய்த நிலத்தில் பிறகு வேலை பாதியாகக் குறையும். இதற்காக நடவு பதினைந்து நாள் தாமதமாயினும் பாதகமில்லை.

இம்மலையின் செம்மண் பெரும்பாலும் புளிப்புள்ளது. காப்பித் தோட்டக்காரர்கள் சுண்ணாம்போ டாலமைட்டோ இடுவது இதன் பொருட்டே. அறுகு ஓரளவு புளிப்பைத் தாங்குமாயினும், மிகுந்த புளிப்பில் வேர் குட்டையாகி ஓட்டம் குன்றும். அளவைத் தெரிந்துகொள்ள மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்கு மண் மாதிரி அனுப்பி, அவர்கள் சொல்லும் அளவில் டாலமைட்டை நடவுக்கு ஒரு மாதம் முன்பே கலக்குதல் வேண்டும். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே சமயத்தில் இட்டால் தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும். செம்மண் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இயல்புடையதாதலால், சென்ட் ஒன்றுக்கு 2 கிலோ பாறைப் பாஸ்பேட்டை மக்கிய எருவோடு சேர்த்து மேல்மண்ணில் கலப்பது வேர் பிடிக்க உதவும். பச்சைச் சாணமும் பாதி மக்கிய எருவும் களை விதையைக் கொண்டுவருமாகையால் விலக்கத்தக்கவை.

நடவு

பாயாகச் சுருட்டிச் சதுர அடிக் கணக்கில் விற்கும் புல்லைச் சமவெளியிலிருந்து லாரியில் ஏற்றிவந்து விரிப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. பார்வைக்கு அன்றே பச்சை. ஆனால் அதன் அடியில் ஒட்டிவரும் களிமண் மலையின் செம்மண்ணோடு எளிதில் ஒன்றுபடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே நீர் தங்கி, வேர் கீழிறங்க மறுக்கும். கோரைக் கிழங்கும் இலவசமாய் வந்து சேரும். மழைநீர் ஓடும் பள்ளங்களுக்கு இது அவசியமாகலாம். விசாலமான இடங்களுக்கு உள்ளூர் அறுகின் துண்டுகளே போதும்.

மூன்று நான்கு கணுவுள்ள துண்டுகளாய்ப் புல்லைப் பிரித்து, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் மற்றவை வெளியிலும் இருக்குமாறு நட்டு, காலால் அழுத்துக. இடைவெளி எவ்வளவு என்பதே கேள்வி. ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 436 சதுர அடி. அடிக்கு ஒன்றாக நட்டால் 436 துண்டுகள். அரை அடிக்கு ஒன்றாக நட்டால் சுமார் 1,740. நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக நட்டால் 3,900-க்கு மேல். கூலியை எண்ணி அடிக்கு ஒன்றாக நடுவோரே அதிகம். ஆனால் அடி இடைவெளியில் ஒவ்வொரு செடியும் ஆறு அங்குலம் ஓடி அண்டைச் செடியைச் சந்திக்க வேண்டும். நான்கு அங்குல இடைவெளியில் இரண்டு அங்குலம் ஓடினால் போதும். ஓட்டக்காலம் குறுகிய மலையில் இந்த நான்கு அங்குலமே புல் அவ்வாண்டில் மூடுமா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. சமநிலத்தில் அரை அடியும், சரிவில் நான்கு அங்குலமும் கொள்ளத்தக்கவை.

புல் குறைவாயும் பரப்பு அதிகமாயும் உள்ளவர்களுக்குச் சாந்து பூசும் முறை ஒன்றுண்டு. புல்லை இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இரண்டு கூடை புல்லுக்கு ஒரு கூடை மண், ஒரு கூடை சாணம், ஒரு மண்வெட்டி சாம்பல் என்ற கணக்கில் நீர்விட்டுக் குழைத்து, ஈரநிலத்தின்மீது ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மேலே மெல்லிதாய் மண் தூவி, பூவாளியால் நீர் தெளித்து வருதல் வேண்டும். இங்கே சாணம் புல்லை ஒட்டவைக்கும் பசையாதலால் முன்கூறிய விலக்குக்கு இது புறம்பானது. களையெடுப்பு மட்டும் சற்று அதிகமாகும். சமநிலத்துக்கே இது உகந்தது. சரிவில் ஒரு மழை முழுவதையும் கழுவிவிடும்.

விதையை நம்பி இறங்குவது உசிதமன்று. நாட்டு அறுகு விதையைவிடத் தண்டினாலேயே பெருகுவது. விளையாட்டு மைதானங்களில் பெயர்பெற்ற டிப்வே என்னும் வகையோ விதையே கட்டாதது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிப்டன் நகர ஆராய்ச்சி நிலையத்தில் பர்ட்டன் என்னும் நிபுணர் நாட்டு அறுகையும் தென்னாப்பிரிக்க அறுகு ஒன்றையும் கலந்து 1960-ல் வெளியிட்ட ஒட்டினம் அது. அப்பெயரால் விதைப் பொட்டலம் எவரேனும் விற்க வந்தால் அது பொய் என்று அறிந்துகொள்ளலாம்.

மூடச் செய்யும் வேலைகள்

முதல் மூன்று வாரம் மழையில்லாத நாட்களில் தினமும் மேலீரம் காக்க வேண்டும். வேர் பிடித்தபின் இதை நிறுத்தி, வாரத்துக்கு ஒரு முறையோ இருமுறையோ ஆழ நனையும்படி பாய்ச்சுவது சரி. தினந்தோறும் மேலாகத் தெளித்தால் வேரும் மேலாகவே நின்றுவிடும்.

நட்ட ஆறாவது வாரத்தில் புல் மூன்று அங்குல உயரம் வந்திருக்கும். இப்போது பெரும்பாலோர் செய்யும் பிழை யாதெனில், நன்றாய் வளரட்டும், வளர்ந்தால் படரும் என்று விட்டுவைப்பதாகும். உயரமாய் வளர்ந்த அறுகு தன் அடிப்பாகத்துக்குத் தானே நிழலாகிறது. அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். ஓடும் தண்டுகள் தரையை விட்டெழுந்து காற்றில் நீளும். நுனியை வெட்டினால், நுனிக்குச் சென்ற வளர்ச்சி பக்கத் துளிர்களுக்குத் திரும்பும். ஒரு தண்டு மூன்று நான்காகக் கிளைக்கும். காப்பிச் செடியின் நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளைகளைப் பெருக்கும் குடியானவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகையால் மூன்று அங்குலம் வந்ததும் இரண்டு அங்குலமாக வெட்டுக. பிறகு பத்து நாளைக்கொரு முறை வெட்டி, போகப்போக ஒன்றரை அங்குலத்துக்குக் கொண்டுவருக. எந்த வெட்டிலும் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. இயந்திரம் இல்லாதவர்கள் கூரிய கருக்கரிவாளைக் கொண்டே செய்யலாம். மழுங்கிய அரிவாள் வேரூன்றாத துண்டுகளைப் பிடுங்கிவிடும்.

வெட்டிய மறுநாள் மண் தூவுதல் வேண்டும். இவ்வேலையை மலையில் அனேகமாய் ஒருவரும் செய்வதில்லை; ஆனால் இதற்கு நிகரான பலன் தரும் வேலை வேறொன்றும் இல்லை. சலித்த மேல்மண், மணல், நன்கு மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து, கால் அங்குலக் கனத்துக்கு மிகாமல் தூவி, துடைப்பத்தால் புல்லுக்குள் இறங்கும்படி பெருக்கிவிடுக. இலை நுனிகள் மண்ணுக்குமேல் தெரிய வேண்டும். முழுதும் மூடினால் அழுகும். தரைக்குமேல் தொங்கிய கணுக்களெல்லாம் இதனால் ஒரே நாளில் மண்ணைத் தொடுகின்றன. மாதம் ஒன்றாக ஆனி முதல் ஆவணி வரை மூன்று தடவை தூவிய தரை, ஒரு தடவையும் தூவாத தரையைவிட எவ்வளவு நெருங்கி நிற்கும் என்பதை ஒரு மூலையில் மட்டும் தூவிப் பார்த்து அவரவரே ஒப்பிட்டுக்கொள்ளலாம். தூவியபின் இலேசான உருளையை ஒருமுறை ஓட்டினால் போதும். மண் சேறாயிருக்கும்போது உருளையைத் தொடவே கூடாது.

உரத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறின், ஓட்டக்காலத்தில் சென்ட் ஒன்றுக்கு மாதம் 400 கிராம் யூரியா தக்க அளவு. மலையில் ஒரு கனமழை உரத்தை அடித்துக்கொண்டு போகுமாதலால், 200 கிராம் வீதம் பதினைந்து நாளைக்கொரு முறையாகப் பிரித்து, ஈரநிலத்தில் சீராகத் தூவி, உடனே நீர் தெளித்துவிட வேண்டும். இலையில் தங்கினால் கருகும். செயற்கை உரத்தை விரும்பாதவர்கள் பொடித்த கடலைப் பிண்ணாக்கு இரண்டரைக் கிலோ இடலாம். ஏறத்தாழ அதே அளவு தழைச்சத்து கிடைக்கும். பலன் சற்று மெதுவாய்த் தெரியும். புரட்டாசி நடுவோடு இவை யாவற்றையும் நிறுத்துக.

மைதானமாயின் நடவு முதல் பத்து வாரம் கால் படாமல் காக்க வேண்டும். இது தலைமையாசிரியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கவனிக்க வேண்டிய காரியம். முழு மைதானத்தையும் மூடிவைத்தால் பிள்ளைகள் வேலியைத் தாண்டத்தான் செய்வார்கள். பாதியை நட்டு, பாதியை விளையாட விட்டு, மறு ஆண்டில் மாற்றிச் செய்வது நடைமுறைக்கு ஏற்றது.

பாதியில் நின்றுவிட்ட புல்

மூன்று மாதமாகியும் திட்டுத்திட்டாய் மட்டும் நிற்கும் புல்லுக்கு உடனே உரத்தைக் கொட்டுவது கூடாது. திட்டின் ஓரத்தில் ஒரு தண்டை மெல்லத் தூக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கணுக்களில் வெண்மையான புதுவேர் பிடித்திருந்தால் குறை ஒன்றுமில்லை, காலமே வேண்டும். கணுக்கள் காய்ந்து வேரின்றியிருந்தால் தரை இறுகியிருக்கிறது. அவ்விடத்தில் கடப்பாரையால் நான்கு அங்குல ஆழத்துக்கு, சாணுக்கு ஒன்றாகக் குத்தித் துளையிட்டு, துளைகளில் மணலும் எருவும் நிரப்பி, தண்டுகளைக் கையால் விரித்துவிட்டு மண் தூவுக. தண்டு மட்டுமன்றிப் புல்லே பாய்போல் உரிந்து வந்தால், அடியில் வெண்ணிறமாய் வளைந்து கிடக்கும் வேர்ப்புழுவைத் தேடுக. எருக்குழியிலிருந்து அவை வந்திருக்கக் கூடுமாதலால் எருவைச் சலித்துப் பார்ப்பதும் அவசியம். தரை பச்சைப்பாசி படிந்து வழுக்கினால் நீர் தேங்குகிறது என்பது பொருள். வடிகால் வெட்டாமல் வேறு எது செய்தும் பயனில்லை. இலைகள் யாவும் ஒருமிக்க வெளிறி, தண்டுகள் சரியாய் வேரூன்றியும் ஓடாமல் இருந்தால் மட்டுமே பசி என்று கொண்டு தழைச்சத்து இடலாம்.

தொட்டாற்சுருங்கியும் பார்த்தீனியமும் வெற்றிடங்களில் முதலில் குடியேறுபவை. பூக்குமுன் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடலாகாது; தோலில் அரிப்பு உண்டாகும்.

சரிவுகளும் நீரோடும் பள்ளங்களும்

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அப்பயிரைத் தொடர்ந்து சரிவுகளில் பாதைகளும் களங்களும் குடியிருப்புகளும் பெருகின. தோட்டத்துக்குள் நிழல்மரமும் சருகும் மண்ணைக் காக்கின்றன. மண் கரைவது பாதையோரத்திலும், களத்தின் விளிம்பிலும், மழைநீர் கூடி ஓடும் பள்ளத்திலுமே. ஏரியைச் சூழ்ந்த சரிவுகளில் கரையும் மண் ஏற்காட்டு ஏரிக்குள் சென்று படிகிறது. ஏரி நிரம்பி வழியும் நீரோ கிளியூர் அருவி வழியாக இறங்கிவிடுகிறது. புல்லுக்கு இவ்விடங்களில் உள்ள பயன் வீட்டு முற்றத்தில் உள்ளதைவிடப் பெரிது.

சரிவில் வரிசைகளை மேலிருந்து கீழாக அமைக்காமல், சம உயரக் கோட்டில் குறுக்காக அமைத்தல் வேண்டும். வரிசை தோறும் இரண்டு அங்குல ஆழத்தில் சிறு சால் கீறி, அதில் புல்லை நட்டு மூடினால் மழைநீர் சாலுக்குச் சால் தங்கி இறங்கும். செங்குத்தான இடங்களில் தென்னை நார் வலையை விரித்து மூங்கில் முளையடித்து, வலைக்கண்களின் வழியே நடுக. புல் மூடியபின் வலை மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். நீரோடும் பள்ளத்தின் அடியில் துண்டுகளை நட்டால் நிற்காது. அங்கே மட்டும் ஒரு சதுர அடிக் கட்டிகளாகப் பெயர்த்த புல்லைச் செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாறிமாறி வரும்படி பதித்து, கட்டிக்கு இரண்டு முளை அடித்தல் வேண்டும். இவ்வேலை ஆவணிக்குள் முடிய வேண்டும்.

புல்லிடமிருந்து அதனால் ஆகாததை எதிர்பார்க்கவும் கூடாது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. அவ்வகைச் சரிவு ஆழத்தில் நீர் ஊறி நிகழ்வது. அதனைத் தடுக்க வடிகாலும் தாங்குசுவரும் ஆழவேர் மரங்களும் வேண்டும். அறுகு காப்பது மேல்மண்ணை மட்டுமே. பாதையோரச் சுவருக்குப் பதிலாய்ப் புல் நட்டுக் கணக்கை முடிப்பது கிராம அதிகாரிகளுக்குத் தகாது.

குளிரைத் தாங்கி விரைந்து மூடும் என்று நீலகிரியில் பரவியுள்ள கிக்குயூ புல்லைக் கொண்டுவர விரும்புவோர் சிலர் இருக்கலாம். கென்யா நாட்டு மலைவாசிகளின் பெயரைத் தாங்கிய அப்புல் ஓரிடத்தில் நிலைபெற்றால் அதனை ஒழிப்பது அறுகை ஒழிப்பதைவிடக் கடினம். காப்பி விளையும் மலைக்கு அது வேண்டாத விருந்து.

காப்பித் தோட்டத்தின் எல்லையில்

அறுகே காப்பிக்குப் பகைதான். நிழல் அடர்ந்த பழந்தோட்டத்தில் அது தலையெடுக்காது. இளஞ்செடி நட்ட நிலத்திலும், நிழல்மரங்களைக் கழித்துத் திறந்துவிட்ட நிலத்திலும் புகுந்தால் காப்பி வேரோடு போட்டியிட்டு உணவையும் நீரையும் பறிக்கும். கொத்தக் கொத்தத் துண்டுகள் தனித்தனியே முளைக்கும். ஆகவே பாதையோரத்துப் புல்லுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு முழ அகலம் வெறும் மண்ணாக விட்டு, அதன் ஓரத்தில் ஒரு சாண் ஆழமும் அரைச் சாண் அகலமும் உள்ள சிறு கால் வெட்டிவைத்தல் வேண்டும். தரைக்குள் ஓடும் தண்டு காலின் சுவரில் வெளிப்பட்டுக் காய்ந்துபோகும். மேல்தண்டு காலைத் தாண்டுமுன் கண்ணில் படும். ஆனி முதல் புரட்டாசி வரையில் மாதம் இருமுறை காலைச் சுற்றிப் பார்த்து, நீண்டவற்றை வெட்டி உள்பக்கம் திருப்பிவிடுக; வெற்றிடம் இருந்தால் அத்துண்டுகளையே அங்கு நடலாம். மிச்சத்தை மண்ணை உதறி மாட்டுக்குப் போடலாம். அறுகு நல்ல தீவனம். எருக்குழியில் போடுவதாயின் பாறைமேல் ஒரு வாரம் காயவைத்து, கணுக்கள் ஒடித்தால் நொறுங்கும் பக்குவம் வந்தபின்பே போடுக. பச்சையாய்ப் போட்டால் குழியின் விளிம்பில் உயிர்தப்பிய துண்டுகள், அடுத்த பருவத்தில் எருவோடு சேர்ந்து காப்பித் தூர்களுக்கே போய்ச் சேரும்.